அன்புக்கு முறை வைத்த வாத்தியார்

மேலக் குருந்தவயல் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் அன்பு குறைவாக இருக்கிறது என்று அரசாங்கம் கண்டுபிடித்த வருஷம், ஊரில் மழையும் குறைவாகத்தான் இருந்தது. மழை குறைந்ததை அரசாங்கம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம்தானே ஆகிறது, ஒவ்வொன்றாகத்தானே கவனிப்பார்கள் என்று நாகராசு வாத்தியார் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

நாகராசு வாத்தியார் அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர், உதவி ஆசிரியர், மணி அடிப்பவர் ஆகிய மூன்று உத்தியோகங்களையும் ஒரே உடம்பை வைத்துக்கொண்டு பார்த்துவந்தார். மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்து அது அவருக்கு விளங்கவில்லை என்றால், உத்தரவில் கோளாறு இருக்கும் என்று ஒருநாளும் நினைக்க மாட்டார். தம் புத்தியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, ராத்திரிச் சோற்றைக் குறைத்துக்கொள்வார்.

திருமயத்தில் ஆசிரியர்களையெல்லாம் கூட்டி வைத்து விஷயத்தைச் சொன்னார்கள். சொன்னவர் நற்பண்பு அபிவிருத்தி ஸ்பெஷல் ஆபீசர் ரெங்கராஜ். அரசாங்கம் புதிதாக உண்டாக்கிய பதவி. நாற்காலியில் பூசிய வார்னிஷ்கூட இன்னும் காயவில்லை. கோட்டுப் போட்டிருந்தார். அந்த வெயிலில் கோட்டுப் போட்டிருந்ததாலேயே அவர் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று எல்லோருக்கும் பட்டது.

"ஆசிரியப் பெருமக்களே! முந்தாண்டு மரம் நடு வாரம் கொண்டாடினோம்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே கோட்டைப் பாறையும் வெயிலும்தான் இருந்தன. "மரம் வந்துகொண்டிருக்கிறது. சென்ற ஆண்டு தூய்மை வாரம். தூய்மை வந்துவிட்டது. இந்த ஆண்டு அன்பு அபிவிருத்தி வாரம். மாணவர்களிடையே அன்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கலாம். ஆனால் இலாகாவின் கண்ணில் படவில்லை. இலாகாவின் கண்ணில் படாத அன்பு இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? இனி நம் பள்ளிகளில் அன்பு என்பது பத்தடி தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும்."

ஆவுடையார்கோவில் பக்கத்து வாத்தியார் ஒருவர் எழுந்து, "யாருக்கு அன்பு காட்டணுங்க?" என்று கேட்டார்.

"நல்ல கேள்வி. எல்லோரும் எல்லோருக்கும் காட்டினால் குழப்பம். யார் காட்டினார், யார் பெற்றுக்கொண்டார் என்று மேலிடம் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? ஆகையால் பள்ளிக்கு ஒரு பிள்ளை. 'அன்பு பெறும் பிள்ளை' என்று அதற்குப் பெயர். மற்ற எல்லோரும் அதனிடம் காட்ட வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஏதேனும் ஒரு குறை இருப்பது அவசியம். நிரந்தரமான குறையாக இருந்தால் உத்தமம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு இவற்றையெல்லாம் எடுத்துவிடாதீர்கள். வாரத்தின் நடுவில் குணமாகிவிட்டால் திட்டம் படுத்துவிடும்."

திங்கட்கிழமை ஆரம்பம், வெள்ளிக்கிழமை ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார், எந்தப் பள்ளியில் அன்பு கட்டுப்பாடாக நடக்கிறதோ அந்தப் பள்ளிக்கு வெள்ளிக் கேடயம்.

நாகராசு வாத்தியார் சந்தோஷமாகத்தான் ஊர் திரும்பினார். காரணம், ஆபீசர் சொன்ன சமாசாரம் அவருடைய நாலாம் வகுப்பில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

நாலாம் வகுப்பில் இருளாயி என்று ஒரு பெண். நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ஊருக்கு மேற்கே பாறைக்குழியில் கல்லுடைக்கும் ராக்கனின் மகள். அவளுக்குக் கண் மங்கல். முகத்துக்கு நேரே பிடித்தால் எழுத்துத் தெரியும், கரும்பலகை தெரியாது. பக்கத்தில் உட்காருகிறவள் பெயர் சின்னப்பிள்ளை, ஊரில் பயிர் வைக்கும் சம்சாரி சோலையப்பன் மகள். பலகையில் எழுதுவதைச் சின்னப்பிள்ளை உதடு அசையாமல், பார்வையைப் பலகையிலிருந்து எடுக்காமல், இருளாயி காதில் ஓதிவிடுவாள். ஒருதரம் காதில் விழுந்தால் போதும், இருளாயிக்கு அது ஆயுசுக்கும் மறக்காது. வகுப்பில் பேசக் கூடாது என்பது விதி. ஆகையால் நாகராசு வாத்தியார் எழுதி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தபடியே நிற்பார். முதுகுக்குப் பின்னால் அந்த முணுமுணுப்பு ஓய்ந்த பிறகுதான் திரும்புவார். மூன்று பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது.

இருளாயியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர அவர் பாறைக்குழிக்கு நடையாய் நடந்திருந்தார். ராக்கன் கடைசியில் ஒரு நிபந்தனை போட்டுத்தான் அனுப்பினான். "அனுப்புறேன் வாத்தியாரய்யா. ஆனா இவளுக்குப் படிப்பு ஏறலேன்னு யாராச்சும் சொல்லிட்டாக, அன்னைக்கே கூட்டிட்டு வந்துருவேன். ரெண்டுங்கெட்டானா வச்சுக்கிட்டு என்னால ஆகாது." அதற்குப் பிறகு நாகராசு வாத்தியார் மற்ற எதற்குப் பயந்தாரோ இல்லையோ, அந்த ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தின் மானேஜர் உடையப்பன் செட்டியார். பினாங்குக்குக் கொண்டுவிற்கப் போய், வட்டிக்கடை வைத்துத் திரும்பியவர். கட்டடம் அவர் தகப்பனார் கட்டிக் கொடுத்தது. போன வருஷத்துத் தூய்மைக் கேடயம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. அந்த ஊர் மானேஜர் அவருக்குச் சம்பந்தி முறை. கல்யாணம், அறுபதாம் சாந்தி என்று அங்கே போகும்போதெல்லாம் கேடயத்தை வீட்டு முகப்பில் மாட்டி அதன் கீழேயே இவருக்குப் பாய் போட்டார்கள்.

"வாத்தியாரே, இந்தத் தடவ கேடயம் இங்கிட்டு வரணும். அம்புட்டுத்தான்," என்றார் செட்டியார்.

"வந்துரும்ங்க ஐயா. நம்ம நாலாப்புல ஏற்கெனவே ரெண்டு பொண்ணுக..." என்று ஆரம்பித்து வாத்தியார் விவரத்தைச் சொன்னார்.

"காதுக்குள்ள குசுகுசுன்னு ஓதுறது அன்பாகுமாய்யா? பத்தடிக்குத் தெரியணும்னு ஆபீசரே சொல்லியிருக்காருல்ல? அது கெடக்கட்டும். அன்பு பெறும் புள்ள யாரு? கொறை உள்ளது யாரு இருக்கு?"

வாத்தியார் நேர்மையாக யோசித்தார். "கொறைன்னு பாத்தா... உங்க பேரன் வயிரவனுக்கு இன்னும் ரெண்டாம் வாய்ப்பாடு வரலைங்க."

செட்டியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அது கொறையில்லை. சாவகாசம். அந்தக் கல்லுடைக்கிறவன் மகளுக்குக் கண்ணு மங்கல்னு சொன்னீகள்ல? அவளப் போடுங்க."

"அவளுக்கு ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கிக் குடுத்தாலே போதும்ங்க. புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போயி..."

"ஒமக்கு வெவரம் பத்தலை வாத்தியாரே. கண்ணாடியப் போட்டுட்டா அவளுக்கு அப்பறம் என்ன கொறை இருக்கும்? கொறை இல்லாத புள்ளைகிட்ட அன்ப எங்கிட்டுக் கொண்டுபோயி வைக்கிறது? மொதல்ல கேடயம் வரட்டும், அப்பறம் பாப்பம்." எழுந்து போகும்போது வாசற்படியில் நின்று ஒரு திருத்தமும் சொன்னார். "தண்ணி கிண்ணி குடுக்கிறதா இருந்தா அவளுக்குத் தனி டம்ளர் வச்சுருங்க. அன்பு வேற, ஆசாரம் வேற."

திங்கட்கிழமை காலையில் மணி அடித்து, "எல்லாரும் இருளாயிக்கு அன்பு காட்டுங்க," என்றார் நாகராசு வாத்தியார். அவ்வளவுதான் சொன்னார். பள்ளிக்கூடம் மொத்தமும் எழுந்து அவள்மேல் விழுந்தது. ஒருத்தி தலை சீவிவிட, இன்னொருத்தி அதே தலைக்கு எண்ணெய் தடவினாள். இரண்டு பையன்கள் அவள் சிலேட்டைத் தூக்கி உதவுவதாக ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் சிலேட்டு இரண்டாகப் போயிற்று. பாவாடைக் கரை கிழிந்தது. அவள் வீறிட்டு அழுதாள்; உடனே அழுகையை ஆற்றுவதற்கு இன்னும் ஒரு கூட்டம் ஓடிவந்தது.

இது சரிப்படாது என்று வாத்தியாருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பிள்ளை, அவளுக்கு இத்தனை பேர் அன்பு. எப்படிப் பங்கு வைப்பது? சாயங்காலம் கண்மாய்க்கரையில் நடந்து போகும்போது மடையைப் பார்த்தார். அங்கேதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

மழை பொய்த்த வருஷங்களில் அந்த ஊர்க் கண்மாய்க்கு முறை வைப்பார்கள். இன்றைக்கு இன்னார் வயலுக்கு, நாளைக்கு இன்னார் வயலுக்கு. உன் முறையில் நீ மடையைத் திறக்கலாம். அடுத்தவன் முறையில் உன் பயிர் கண்ணெதிரே கருகினாலும் மண்வெட்டியைத் தொடக் கூடாது. தொட்டால் கூட்டம் போட்டு உன் முறையைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். சோலையப்பன் நெற்றியில் இருந்த வெட்டுத் தழும்பு, ஒரு வருஷம் அவன் முறை தப்பி மடையைத் திறந்தபோது வந்தது. வெட்டியவன் அவன் சொந்த மச்சினன். வெட்டியது தப்பு என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அ, ஆ தெரிவதற்கு முன்னால் முறை தெரியும்.

"இன்னையிலேருந்து அன்புக்கும் மொறை," என்று மறுநாள் அறிவித்தார் வாத்தியார். யார் யாருக்கு எப்போது முறை என்று ஏற்பாடாயிற்று. பிள்ளைகள் ஒரு சத்தம் போடவில்லை. பளிச்சென்று விளங்கிவிட்டது. அரசாங்கத்தின் உத்தரவு ஒன்று அந்த ஊரில் அப்படிச் சுலபமாக விளங்கியது அதுதான் முதல் தடவை. செட்டியார் வந்து பார்த்துவிட்டு, "இதுதாய்யா கட்டுப்பாடு," என்று வாத்தியார் முதுகில் தட்டினார். வாத்தியாருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இருளாயியைச் சின்னப்பிள்ளையின் பக்கத்திலிருந்து எழுப்பிக் கரும்பலகைக்குப் பக்கவாட்டில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அன்பு பெறும் பிள்ளை எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் அல்லவா? வகுப்பு முழுவதும் அவளைப் பார்க்கும். அவளுக்குத்தான் எதுவும் தெரியாது. முணுமுணுப்புக்கு வழியில்லாமல் போயிற்று. ஒரு வாரம்தானே என்று வாத்தியார் மனதைத் தேற்றிக்கொண்டார்.

அன்பில் இரண்டு இனம். ஒன்று தண்ணீர் கொடுப்பது. அது இருளாயியின் தனி டம்ளரில் நடந்தது. முறைக்காரர்கள் வரிசையாக வந்து கொடுக்க, அவள் மறுக்காமல் குடித்தாள். மறுத்தால் ஒரு பிள்ளையின் முறை வீணாகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். பாதி நாள் அவள் வெளியே போகக் கை தூக்கிக்கொண்டிருந்தாள். மற்றொன்று சாலையைக் கடக்க உதவுவது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. மேலக் குருந்தவயலில் சாலை இருந்ததே தவிர, கடக்க முடியாத அளவுக்கு அதில் எதுவும் வராது. காலையில் ஒரு பஸ், பொழுதுசாயத் திரும்பி வரும் அதே பஸ். நடுவில் யாருமில்லாத ரோட்டில் கைப்பிடித்துக் கூட்டிப்போனால் அது அன்பு மாதிரி தெரியவில்லை, சும்மா நடக்கிற மாதிரி இருந்தது.

கடைசியில் செட்டியாரே தம் காரைக் கொடுத்தார். டிரைவர் அதைத் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டிக்கொண்டே இருக்க, முறைக்காரப் பிள்ளை இருளாயியின் கையைப் பிடித்துக் காருக்கு முன்னால் கடத்த வேண்டும். இங்கிட்டிருந்து அங்கிட்டு ஒருத்தி, அங்கிட்டிருந்து இங்கிட்டு ஒருத்தன். கண் மங்கியவளுக்கு ஹாரன் மட்டும்தான் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் முறைக்காரரின் கையை இறுக்கிப் பிடித்தாள். செட்டியார் பின் சீட்டில் உட்கார்ந்து, பத்தடியிலிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை பள்ளி விடுகிற மணி அடிக்கும்போது இருளாயி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அன்றைய முறைகள் முடிந்துவிட்டன. கடைசி முறைக்காரன் அவளை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, தன் கடமை முடிந்தது என்று வீட்டுக்கு ஓடிவிட்டான். அவள் பையும் உடைந்த சிலேட்டும் இங்கே. கார் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது; அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எந்தப் பக்கம் சத்தம் வருகிறது என்று தெரியாமல் அவள் ஒரு காலை முன்னே வைத்து, பின்னே எடுத்து, திரும்ப முன்னே வைத்தாள்.

பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். சின்னப்பிள்ளைதான் ஓடினாள். காருக்கு முன்னால் விழுந்தடித்து ஓடி, அவளை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தாள்.

"மொறை தப்பிட்டா! மொறை தப்பிட்டா!" என்று கத்தினான் வயிரவன். "நாளைக்குக் காலையில மொத மொறை எனக்கு! அவ எடுத்துட்டா சார்!"

மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் பேரில் தப்பில்லை. முறை என்றால் என்ன என்று அவர்களுக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். செட்டியார் காரை நிறுத்தி இறங்கினார். "என்ன வாத்தியாரே, மொறை வச்சது நீரு. தப்புனவளுக்கு என்ன?"

நாகராசு வாத்தியார் சின்னப்பிள்ளையைப் பார்த்தார். அவளுக்கு மூச்சு வாங்கியது. இருளாயியின் கையை அவள் இன்னும் விடவில்லை. நல்ல காரியம் செய்தாய் என்று சொல்ல அவர் வாய் வரைக்கும் வந்தது. செட்டியார் நின்றார், டிரைவர் நின்றான், பள்ளிக்கூடமே நின்றது. மனிதருக்குத் தைரியம் வரவில்லை.

"கைய விடு," என்றார். "மொறை தப்புனவளுக்குக் கடைசி மொறை. ஒனக்கு இனிமே திங்கக்கெழமைதான். வயிரவன்கிட்ட மன்னிப்புக் கேளு."

அவள் கையை விட்டாள். வயிரவனிடம் மன்னிப்பும் கேட்டாள். அழவில்லை. அவள் அப்பன் நெற்றித் தழும்பைப் பார்த்து வளர்ந்தவள். திங்கட்கிழமைக்குள் வாரமே முடிந்துவிடும், எல்லாம் பழையபடி ஆகிவிடும், அவளுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை என்று வாத்தியார் வீடு போகும் வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை தோரணம் கட்டி, மாக்கோலம் போட்டு, செட்டியார் வீட்டு ஜமுக்காளத்தை விரித்தார்கள். அன்பு பெறும் பிள்ளையின் தகப்பன் என்ற முறையில் ராக்கனை வரவழைத்து முன்னால் நிறுத்தியிருந்தார்கள். நாற்காலி கொடுக்கவில்லை, கொடுத்திருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டான். தலைத்துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் மகள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்பெஷல் ஆபீசர் வந்தார். மாலை, சந்தனம், சர்பத் எல்லாம் ஆனபிறகு, செட்டியார் ஏற்பாட்டில் அன்றைய முறைக்காரனாகியிருந்த வயிரவன் பித்தளைச் செம்பிலிருந்து தனி டம்ளரில் தண்ணீர் ஊற்றி இருளாயிக்குக் கொடுத்தான். ஆபீசர் எழுந்து பின்னால் பத்தடி நடந்துபோய் நின்று பார்த்தார். "தெரிகிறது," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆபீசருக்கு உற்சாகம் வந்துவிட்டது. எதிர்ச்சுவரில் வரவேற்புக்காக மாட்டியிருந்த துணியைக் காட்டி, "குழந்தாய், அதில் என்ன எழுதியிருக்கிறது? உரக்கப் படி, பார்ப்போம்," என்றார்.

அந்தத் தூரத்து எழுத்து இருளாயிக்குத் தெரியாது என்பது நாகராசு வாத்தியாருக்குத் தெரியும். அது அவரே எழுதிய எழுத்து.

இருளாயி எழுந்து நின்றாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, காதைச் சின்னப்பிள்ளை இருக்கும் பக்கமாகக் கொடுத்தாள். கூப்பிடு தூரம்கூட இல்லை. முதல் வரிசையில், அவள் முழங்காலுக்கு எதிரேதான் சின்னப்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். இருளாயி காத்திருந்தாள். சின்னப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வகுப்பு மொத்தமும் திரும்பி வயிரவனைப் பார்த்தது. முறை அவனுடையதல்லவா?

வயிரவனும் அதை உணர்ந்தான். எழுந்து வந்தான். டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். அவனுக்குத் தெரிந்த அன்பு அது ஒன்றுதான். இருளாயி வாங்கிக் குடித்தாள். செட்டியார் மட்டும் கை தட்டினார்.

"படி அம்மா," என்றார் ஆபீசர்.

அவள் திரும்பவும் காதைச் சாய்த்தாள். திரும்பவும் தண்ணீர் வந்தது. குடித்தாள். சொல்லிக்கொடுத்துவிடலாம், தாமே சொல்லிவிடலாம் என்று வாத்தியார் நினைத்தார். நினைத்துக்கொண்டே நின்றார்.

ஆபீசர் கண்ணை மூடித் திறந்து, சபையைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். "பெரியோர்களே, நான் எத்தனையோ பள்ளிகளைப் பார்த்துவிட்டேன். பல இடங்களில் அன்பு இருக்கிறது, கட்டுப்பாடு இல்லை. ஒரு பிள்ளை தடுமாறினால் நாலு பிள்ளைகள் பாய்கிறார்கள், யாரைப் பாராட்டுவது என்று தெரிவதில்லை. இங்கேதான் ஒரு பிள்ளை தடுமாறும்போது முறைக்காரரைத் தவிர ஒருவரும் அசையாததைக் கண்டேன். கேடயம் இந்தப் பள்ளிக்கே! அதே சமயம் ஒரு வேதனையையும் சொல்ல வேண்டும். இந்தச் சிறுமிக்குப் படிப்பு வராது. நாலாம் வகுப்பில் இருந்துகொண்டு இரண்டு வார்த்தை படிக்க முடியவில்லை. வராத படிப்பைத் திணிப்பது அன்பா? அல்ல, கொடுமை. ஆகையால் இந்த அன்பு வாரத்தின் சிகரமாக, இவளைப் படிப்பின் பாரத்திலிருந்து விடுவித்து, பெற்றவரிடமே அன்போடு ஒப்படைக்கிறோம்."

பலத்த கைதட்டல். ராக்கன் இரண்டடி முன்னால் வந்தான்.

"படிப்பு ஏறாதுங்களா எசமான்?"

"ஏறும்!" என்றார் நாகராசு வாத்தியார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "அவளுக்குக் கண்ணுதாங்க ஐயா தெரியலை. புத்தி அம்புட்டும் இருக்கு. ஒரு கண்ணாடி மட்டும் இருந்துச்சுன்னா..."

ஆபீசர் அன்போடு அவர் தோளில் கை வைத்தார். "கண்ணாடி உபகரணப் பிரிவு, மிஸ்டர் நாகராசு. நான் அன்பு."

ராக்கன் எல்லோரையும் கும்பிட்டான். மகள் கையைப் பிடித்து, ஜமுக்காளத்தில் கால் படாமல் ஓரமாக நடத்திக் கூட்டிக்கொண்டு போனான்.

கார்கள் போனபிறகு வாத்தியார் சின்னப்பிள்ளையைக் கூப்பிட்டார். கோபப்பட வேண்டும் என்றுதான் கூப்பிட்டார். "ஒன் வாய்க்கு என்னடி வந்துச்சு? ரெண்டு வார்த்தை. எப்பவும் சொல்றவதான? சொல்லியிருந்தா அவ போயிருப்பாளா?"

சின்னப்பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கேட்பது அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"இன்னைக்கு வயிரவன் மொறைல்ல சார்? எனக்குத் திங்கக்கெழமதான்னு நீங்கதான சொன்னீக? அடுத்தவுக மொறையில நான் எப்படி சார்..."

அவர் கோபம் அங்கேயே நின்றுபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பாறைக்குழிக்குப் போனார். இருளாயி ஒரு கல்லைக் காலிடுக்கில் வைத்து, விரலால் தடவிப் பார்த்து, அந்த இடத்தில் சுத்தியலைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு விரலில் துணி சுற்றியிருந்தது. ராக்கன் அவரை வரவேற்று, உட்காரக் கல் காட்டினான். அவர் எவ்வளவோ சொன்னார்.

"ஒங்க மேல எனக்கு வருத்தமில்லைங்க வாத்தியாரய்யா. அம்புட்டுப் பெரிய மனுசரு, ஊரு கூடுன எடத்துல சொல்லிட்டாரு. அதுக்கு மேல நான் அனுப்புனா நல்லாருக்குமா? அவுகளும் நல்ல மனசோடதான சொன்னாக."

அவர் எழுந்தபோது இருளாயி சுத்தியலை நிறுத்தினாள். "சார், அந்தத் துணியில என்ன எழுதியிருந்துச்சு?"

"'அன்பே வருக'ன்னு எழுதியிருந்துச்சும்மா."

"அம்புட்டுத்தானா?" என்றாள் இருளாயி. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது அவளுக்கு. "ஏதோ பெருசாக்கும்னு நெனச்சேன்." சுத்தியல் திரும்பவும் விழ ஆரம்பித்தது.

திங்கட்கிழமை அவர் பூட்டைத் திறக்கப் போகும்போது வாசலில் சின்னப்பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். தலை படிய வாரியிருந்தாள். மடியில் அவித்த கடலை. சூடு இன்னும் ஆறவில்லை. உள்ளே போனதும் முதல் காரியமாக அந்த நாற்காலியை எடுத்து ஓரத்தில் வைத்தாள். பழைய இடத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும்படி நகர்ந்து இடம் விட்டாள். சுவரில் வெள்ளிக் கேடயம் மாட்டியிருந்தது. செட்டியார் அதைத் தம் வீட்டு முகப்புக்குக் கொண்டுபோய், அதன் கீழே சம்பந்திக்காகப் பாய் போட ஏற்பாடு செய்திருந்தார்.

மணி அடித்தது. பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். சின்னப்பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுந்து நின்றாள்.

"சார், இன்னைக்கு எம் மொறை. இருளாயி இன்னும் வரலையே?"

நாகராசு வாத்தியார் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பி, பாடத்தை எழுதினார். எழுதி முடித்தபிறகும் வழக்கம்போலத் திரும்பாமல் நின்றார். முதுகுக்குப் பின்னால் ஒரு முணுமுணுப்புக் கேட்காதா என்று காத்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் நின்றார். வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. அவ்வளவு கட்டுப்பாடாக இருந்தது.